நீலியின் கண்ணீரும் கள்ளியின் சாட்சியும்

கேம்பல் பேயில் களப்பணிக்காகத் தங்கியிருந்த நாள்களில், ஒரு மழை மாலையில், ‘லோகா: அத்தியாயம் 1 – சந்திரா’ திரைப்படத்தை ஒரு வீட்டுத் திண்ணையில் அமர்ந்து கைப்பேசியில் பார்த்தோம். 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து கடலடியில் இழுத்துவரப்பட்ட ஒளியிழை வடம் இத்தீவையும் தொட்டிருப்பதால், தாய்நிலத்தில் பேசப்படும் படங்கள் இப்போது இங்கும் அதிகத் தாமதமின்றி வந்துவிடுகின்றன. படம் பார்த்தவர்கள் நால்வர். கல்லூரி விடுமுறைக்கு வந்திருந்த பேத்தி, அவளுடைய தந்தை, நான், பிறகு ஆச்சி. ஆச்சியின் பிறந்த ஊர் நாகர்கோவிலுக்குப் பக்கம். 1969இலிருந்து முன்னாள் படைவீரர் குடும்பங்கள் கிரேட் நிக்கோபாரில் குடியமர்த்தப்பட்டபோது, கணவருடன் கப்பலேறி வந்தவர்.

படத்தின் நாயகி யாரென்று தெரியவரும் இடத்தில் பேத்தி உற்சாகமாக, “ஆச்சி, நீங்க சொல்லுற கள்ளியங்காட்டு நீலிதான் இவ” என்றாள். ஆச்சி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கூர்ந்து பார்த்தார். இறுதிவரை பொறுமையாகப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: “ஊர்க்கூட்டத்துல வந்து நின்னு அழுவாளே, அது எப்பம் வரும் மக்களே?”

அது வரவில்லை. படம் முடிந்துவிட்டிருந்தது.

அந்தக் கேள்வியை ஒட்டிச் சில குறிப்புகளை இங்கே எழுத விரும்புகிறேன். நாட்டார் கதைகளும் தேவதைக் கதைகளும் பேய்ப்படங்களாக மறுபிறவி எடுக்கும் காலம் இது. அவற்றைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் புதிதாக என்ன சேர்க்கப்பட்டது என்று கேட்கிறார்கள். ஆச்சி கேட்டதோ, எது விடுபட்டது என்று. நீலியைப் பொறுத்தவரை இரண்டாவது கேள்வியே வரலாற்றுக்குள் நம்மை இட்டுச்செல்கிறது.

*

முதலில் ஒரு சொல்லிலிருந்து தொடங்குகிறேன். தமிழில் பொய்யழுகையைக் குறிக்க இரண்டு தொடர்கள் வழங்குகின்றன. ஒன்று ‘முதலைக் கண்ணீர்’. இது ஐரோப்பிய வழக்கு. ஆங்கிலம் வழியாக நம் இதழ்களுக்கு வந்தது. மற்றொன்று ‘நீலிக் கண்ணீர்’. இது இம்மண்ணின் சொந்த வழக்கு. இன்று இவ்விரண்டும் ஏறக்குறைய ஒரே பொருளில் ஆளப்படுகின்றன. ஆண் அரசியல்வாதி ஒருவரின் அறிக்கையைக்கூட மற்றொரு கட்சிக்காரர் நீலிக் கண்ணீர் என்று சாடுவதை நாள்தோறும் காண்கிறோம்.

ஆனால் முதலைக்குப் பின்னால் ஒரு வழக்கு இல்லை. நீலிக்குப் பின்னால் இருக்கிறது. அவள் ஒரு மன்றத்தின் முன் நின்று முறையிட்டவள். அவள் அழுதது பொய் என்று பின்னாளில் தீர்ப்பாகி, அந்தத் தீர்ப்பு மொழிக்குள் உறைந்துவிட்டது. வழக்கின் முதற்பகுதி என்ன, அவள் எதற்காக அழுதாள் என்பதை அத்தொடர் நமக்குச் சொல்வதில்லை. ‘நீலி’ என்பது இன்று வஞ்சகிக்கான வசைச்சொல். கொலையுண்டவள் என்ற பொருள் அச்சொல்லில் எஞ்சவில்லை.

கதையைச் சுருக்கமாக நினைவூட்டுகிறேன். வடிவங்கள் பல, பெயர்களும் வேறுபடும். பொதுச்சட்டகம் இது. முற்பிறவியில் ஒருவன், தன்னை நம்பி உடன்வந்த பெண்ணைக் காட்டுவழியில் கொன்றுவிடுகிறான். அவன் மறுபிறவியில் வணிகனாகப் பிறக்கிறான். அவள் பேயாகிக் காத்திருக்கிறாள். திருவாலங்காட்டை அடுத்த பழையனூருக்கு அவன் வரும்போது, அழகிய பெண்ணுருவில், கையில் குழந்தையுடன் அவள் பின்தொடர்கிறாள். அவனோ பேயை அணுகவிடாத ஒரு காப்பு வாளைக் கையில் வைத்திருக்கிறான். ஓடிச்சென்று வேளாளர் மன்றத்தில் அடைக்கலம் புகுகிறான். “இவள் என் மனைவியல்லள், பேய்” என்கிறான். அவளோ, தன்னையும் பிள்ளையையும் கைவிட்டுப் போகிறாரே என்று அழுகிறாள். குழந்தையைக் கீழே விட்டதும் அது அவனிடமே செல்கிறது. இதற்கு மேல் என்ன சான்று வேண்டும்? மன்றத்தார் எழுபதின்மரும் அவனை அவளுடன் செல்லச் சொல்கிறார்கள். அஞ்சுகிற அவனிடம் வாளை வைத்துவிடச் சொல்கிறார்கள். உன் உயிருக்கு எங்கள் உயிர் பிணை என்கிறார்கள். அன்றிரவு அவள் அவனைக் கொல்கிறாள். சொன்ன சொல் பிழையாமல் எழுபதின்மரும் தீப்பாய்ந்து உயிர்விடுகிறார்கள்.

கன்னியாகுமரிப் பகுதியில் வழங்கும் வடிவத்தில் ஒரு நுட்பம் உண்டு. அங்கே கொல்லப்படுபவள் ஒரு தாசிப்பெண். ஆளரவமற்ற காட்டில், தூங்கும்போது தலையில் கல்லைப் போட்டு அவளைக் கொல்கிறான். சாகும் தறுவாயில், பார்ப்பதற்கு வேறு யாரும் இல்லாததால், அருகில் நின்ற கள்ளிச்செடியை அவள் சாட்சியாக்குகிறாள். பின்னர் மன்றத்துக்கு அவள் ஏந்திவரும் குழந்தை அந்தக் கள்ளியின் கொம்பை முறித்து ஆக்கியது.

இதைச் சற்று நிதானித்துப் பார்க்க வேண்டும். மன்றத்தின் கண்ணுக்கு அந்தக் குழந்தை பொய்ச் சான்று. இந்தப் பிறவியில் அவன் அவளுக்குக் கணவனும் அல்லன், பிள்ளைக்குத் தகப்பனும் அல்லன். ஆனால் கொலையை நேரில் கண்ட ஒரே சாட்சி அந்தக் கள்ளிதான். ஆக, பொய்க் குழந்தையின் வடிவில் மெய்ச் சாட்சியே மன்றம் ஏறியது. மன்றம் விசாரிக்கத் தெரிந்த கேள்விக்கு அவளிடம் இருந்தது பொய்யான விடை. அவளிடம் இருந்த மெய்யை விசாரிக்கும் கேள்வி மன்றத்திடம் இல்லை. அச்சமூட்டும் கதையாக இதை ஆக்குவது இந்த இடைவெளிதான். இரத்தம் குடிக்கும் இறுதிக் காட்சி அதன் விளைவு மட்டுமே.

*

ஐரோப்பியத் தேவதைக் கதைகள் பேய்ப்படமாகும்போது நிகழ்வதை ஒப்பிட்டால் நம் கதையின் தனித்தன்மை விளங்கும்.

பெரோ 1697இல் அச்சிட்ட சிவப்புத் தொப்பிச் சிறுமியின் கதையில் ஓநாய் அவளை விழுங்குவதோடு கதை முடிகிறது; காப்பாற்ற எவரும் வருவதில்லை. 1812இல் கிரிம் சகோதரர்களின் தொகுப்பில்தான் வேட்டைக்காரன் வந்து ஓநாயின் வயிற்றைப் பிளக்கிறான். அதே 1812ஆம் ஆண்டுப் பதிப்பில் பனிவெண்மகளைக் கொல்லத் துணிபவள் பெற்ற தாய். 1819ஆம் ஆண்டுப் பதிப்பில் அவள் மாற்றாந்தாய் ஆக்கப்பட்டாள். குழந்தைகள் கையில் புத்தகம் போய்ச் சேரச்சேரத் தாய்மையின் மேல் படிந்த கறை துடைக்கப்பட்டது. இப்படி மென்மையாக்கப்பட்ட கதைகளின் மேற்பூச்சைச் சுரண்டிப் பழைய கொடுமையை வெளிக்கொணர்வதாகவே இன்றைய பேய்ப்படங்கள் தம்மை முன்வைக்கின்றன. 2025இல் வெளிவந்த ‘தி அக்லி ஸ்டெப்சிஸ்டர்’ என்ற நார்வே இயக்குநர் எமிலி பிலிக்ஃபெல்டின் படம் நல்ல எடுத்துக்காட்டு. சின்ட்ரெல்லாவின் செருப்புக்காகத் தன் காலையே வெட்டிக்கொள்ளும் சகோதரி கிரிம் தொகுப்பிலேயே இருக்கிறாள். பெரோவின் இனிய வடிவத்தில்தான் அவள் இல்லை. படம் கதையை அச்சகோதரியின் பக்கத்திலிருந்து சொல்கிறது.

நீலிக் கதையை எவரும் இப்படி இனிமையாக்கவில்லை. அது குழந்தைகளுக்கான கதையாக ஒருபோதும் பதிப்பிக்கப்பட்டதாகத் தோன்றவில்லை. அதன் கொடுமையும் மழுங்கவில்லை. மாறிக்கொண்டே வந்தது வேறொன்று: யார் பக்கம் நின்று கதை சொல்லப்படுகிறது, அவளுடைய பேச்சுக்கு என்ன மதிப்புத் தரப்படுகிறது என்பது. அந்த மாற்றத்தின் வரலாறு ஏறத்தாழ ஆயிரத்து முந்நூறு ஆண்டுகள் நீள்கிறது.

*

ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்த திருஞானசம்பந்தரின் திருவாலங்காட்டுப் பதிகத்தில், வஞ்சனையால் ஒருவன் உயிரைக் கவர்ந்த ஒருத்தியும், அதைக் கேட்டு அஞ்சும் பழையனூரும் குறிக்கப்படுகின்றன. நீலி என்ற பெயர் அங்கே இல்லை. ஆயினும் குறிப்பு இக்கதையையே சுட்டுகிறது என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கருத்து. அவள் பட்ட துன்பமும் அங்கே இல்லை. வஞ்சம் மட்டுமே நினைவில் நிற்கிறது.

இங்கே ஓர் ஒப்புமையைச் சொல்லியாக வேண்டும். அதே ஆலங்காட்டில் இன்னொரு பேய்மகளும் இருக்கிறார். அவர் காரைக்கால் அம்மையார். பெரியபுராணத்தின்படி புனிதவதி ஒரு வணிகனின் மனைவி. அவளிடம் தெய்வத்தன்மையைக் கண்டு அஞ்சிய கணவன் பரமதத்தன் கடல்கடந்து போய், பாண்டிநாட்டில் வேறொரு பெண்ணை மணந்துகொள்கிறான். கணவனுக்காகச் சுமந்த உடல் இனி வேண்டாம் என்று அவர் பேயுருவை வேண்டிப் பெறுகிறார். நீலியும் உடன்வந்தவனால் அழிக்கப்பட்டுப் பேயானவள். ஒருத்தி தன்னை விட்டுச்சென்றவனை மன்னித்து இறைவனைப் பாடினாள்; மற்றவள் தன்னைக் கொன்றவனைத் தேடி வந்து மன்றத்தில் முறையிட்டாள். முதலாமவர் நாயன்மார் வரிசையில் அமர்ந்தார். இரண்டாமவள் வசைச்சொல் ஆனாள்.

சேக்கிழார் இவ்விரண்டையும் அறிந்தோ அறியாமலோ ஓரிடத்தில் சேர்த்துவைக்கிறார். அம்மையார் தலையால் நடந்த தலத்தைக் காலால் மிதிக்க அஞ்சிய சம்பந்தர், பக்கத்திலுள்ள பழையனூரில் அன்றிரவு தங்கினார் என்றும், கனவில் இறைவன் தோன்றியபின் அப்பதிகத்தைப் பாடினார் என்றும் பன்னிரண்டாம் நூற்றாண்டில் அவர் எழுதுகிறார். ஒரு பேய்மகளிடம் கொண்ட பணிவால் ஊர் புகத் தயங்கியவரின் பாட்டில், இன்னொரு பேய்மகள் வஞ்சகியாக இடம்பெறுகிறாள்.

சமணர்கள் நீலியை வேறுவிதமாகக் கையாண்டார்கள். ஐஞ்சிறுகாப்பியங்களுள் ஒன்றான ‘நீலகேசி’ ஏறத்தாழப் பத்தாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. சுடுகாட்டில் தவமிருந்த முனிச்சந்திரர் என்ற சமண முனிவர் காளிக்குரிய உயிர்ப்பலியைத் தடுத்துவிட, அவரை விரட்டப் பழையனூர் நீலி வரவழைக்கப்படுகிறாள். அவள் முதலில் அச்சுறுத்துகிறாள். பிறகு அரசகுமாரியின் உருவெடுத்து மயக்கப் பார்க்கிறாள். முனிவர் ஏமாறவில்லை, ஆனால் அவளை அழிக்கவும் இல்லை. அறம் உரைக்கிறார், அவள் கேட்கிறாள். பேய் மாணவியாகி, பின்னர் தருக்கம் வல்ல ஆசிரியை ஆகிறாள். ஊர் ஊராகச் சென்று பௌத்தர், ஆசீவகர், சாங்கியர், வைசேடிகர், வேதவாதியர், பூதவாதியர் ஆகியோரைச் சபைகளில் வாதுக்கு அழைத்து வெல்கிறாள்.

அவள் முதலில் வாதிடுவது குண்டலகேசியுடன். இது தற்செயலன்று. இன்று சில பாடல்களே எஞ்சியுள்ள அந்தப் பௌத்தக் காப்பியத்தின் தலைவியும், தன்னைக் கொல்ல மலையுச்சிக்கு அழைத்துச்சென்ற கணவனைத் தானே தள்ளிவிட்டுப் பிழைத்தவள். அதன்பின் துறவியாகி வாதம் புரிந்தவள். உடனிருந்தவனின் கொலைவெறியைக் கண்ட இரண்டு பெண்கள் ஒரு சபையில் எதிரெதிரே நின்று அளவையியல் பேசும் காட்சியைத் தமிழ் இலக்கியம் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே எழுதிவிட்டது. பழையனூர் மன்றத்தில் வஞ்சம் எனப் பெயர்பெற்ற நீலியின் பேச்சாற்றலை, நீலகேசி ஆசிரியர் தம் சமயத்தின் படைக்கருவியாக மாற்றிக்கொண்டார். அவர் நோக்கம் சமண நெறியை நிலைநாட்டுவதேயன்றி நீலிக்கு நீதி வழங்குவதன்று. ஆயினும், நீலியின் சொல்லை எதிர்த்தரப்பினர் செவிகொடுத்துக் கேட்டு விடையிறுக்க வேண்டிய சொல்லாக மதித்த பனுவல் அதுவே. சமய திவாகர வாமன முனிவரின் உரையுடன் அந்நூலை ஏ. சக்கரவர்த்தி 1936இல் பதிப்பித்தார்.

பதினான்காம் நூற்றாண்டில் உமாபதி சிவாசாரியார் பெயரில் வழங்கும் சேக்கிழார் புராணத்துக்கு வரும்போது, கதையின் தலைமை முற்றிலும் கைமாறிவிடுகிறது. சேக்கிழாரின் குடிப்பெருமையைச் சொல்லும் இடத்தில், நீலியின் வஞ்சனையால் வணிகன் இறக்க, சொன்ன சொல் தவறாமல் தீக்குழியில் மூழ்கிய எழுபதின்மர் போற்றப்படுகிறார்கள். கதை இப்போது வேளாளரின் வாய்மைக்குச் சான்று. கொலையுண்டவள் அக்கதையின் கருவி மட்டுமே. பழையனூரில் இன்றும் அத்தீப்பாய்தலின் நினைவிடம் உண்டு. அங்குள்ள இறைவனுக்குச் சாட்சி பூதேசுவரர் என்று பெயர். வாக்குத் தவறாதவர்களுக்குக் கடவுளே சாட்சியாகக் கிடைத்தார். அவளுக்குக் கிடைத்தது ஒரு கள்ளிச்செடி.

எழுபதின்மரை நான் குறைத்து மதிப்பிடவில்லை. அழுதுநிற்கும் பெண்ணை நம்பியதும், தம் தீர்ப்பு பிழைத்தபோது அதற்குத் தம் உயிரையே விலையாகக் கொடுத்ததும் சிறிய செயல்களல்ல. தவறான தீர்ப்புக்குப் பொறுப்பேற்கும் மன்றங்கள் எக்காலத்திலும் அரிது. ஆனால் கதையைக் கேட்டவர்கள் அதிலிருந்து எடுத்துக்கொண்ட படிப்பினை தீர்ப்பளிப்போரின் பொறுப்பைப் பற்றியதாக இல்லை. அழும் பெண்ணை நம்பாதே என்பதாகவே அது சுருங்கியது. ‘நீலிக் கண்ணீர்’ என்ற தொடர் அந்தச் சுருக்கத்தின் அடையாளம்.

*

தெற்கே கதை வேறு பாதையில் சென்றது. நாஞ்சில் நாட்டிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் நீலி வழிபடு தெய்வமான இசக்கியுடன் ஒன்றாகிறாள். ஆரல்வாய்மொழிக்கு அருகிலுள்ள முப்பந்தல் இசக்கி கோயிலின் தலக்கதை நீலியின் கதையே. கையில் ஒரு பிள்ளையை ஏந்தியும், வாயில் ஒன்றைக் கடித்தும் நிற்கும் இசக்கியின் சுடுமண் உருவங்களை அவ்வட்டாரத்தில் காணலாம். பிள்ளைவரம் வேண்டுவோரும் அவளிடமே வருகிறார்கள். கொடைவிழாவில் வில்லுப்பாட்டாக அவள் கதை பாடப்படும்போது, கொலை விரிவாகப் பாடப்படுகிறது. முற்பிறவியைத் தவிர்த்துவிட்டு மன்றக் காட்சிக்குத் தாவ அங்கே வழியில்லை. தெய்வமாகி ஆடவேண்டியவள் முதலில் கொல்லப்பட்டாக வேண்டும் என்பது அச்சடங்கின் விதி. ஆகவே சைவ மரபு மறந்த முதற்பகுதியை வில்லடிக்கும் புலவர்கள் காப்பாற்றி வைத்தார்கள்.

1956 நவம்பர் முதல் நாள் வரை அப்பகுதி திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்ததால், கதை மலையாளத்துக்குள் இயல்பாகவே பரவியது. 1891இல் வெளியான சி.வி. ராமன் பிள்ளையின் ‘மார்த்தாண்டவர்மா’ நாவலில் பஞ்சவன்காட்டு நீலி இடம்பெறுகிறாள். கொட்டாரத்தில் சங்குண்ணியின் ‘ஐதிகமாலை’ கடமற்றத்துக் கத்தனார் போன்ற மந்திரவாதிகளின் கதைகளை அச்சில் நிலைநிறுத்தியது. கேரளத்தில் நீலியும் யட்சியும் கலந்தார்கள். அங்கே அவள் வழிப்போக்கரிடம் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கேட்பவள், பனைமரத்தில் குடியிருப்பவள், உச்சந்தலையில் ஆணியறைந்தால் அடங்குபவள். மன்றம் மறைந்து, சாலையும் மந்திரவாதியும் முன்னே வந்தார்கள். முறையீடு மயக்குமொழியாகியது. 1979இல் வந்த ‘கள்ளியங்காட்டு நீலி’, 2018இல் வந்த ‘நீலி’ ஆகிய மலையாளப் படங்கள் அந்த யட்சி மரபின் திரைவாரிசுகள்.

இந்தப் பின்னணியில்தான் 2025 ஆகஸ்டில் வெளிவந்த ‘லோகா’வை வைத்துப் பார்க்க வேண்டும். டொமினிக் அருண் இயக்கி, கல்யாணி பிரியதர்ஷன் நடித்த இப்படம் பேய்க்கதையையும் நாயகசாகசக் கதையையும் பிணைக்கிறது. நீலி இங்கே சந்திரா என்ற பெயரில் இன்றைய பெங்களூருக்கு வருகிறாள். பின்னோக்குக் காட்சியில் அவள் ஒரு பழங்குடிச் சிறுமி. அரசனின் ஆட்கள் அவள் கூட்டத்தாரை அழிக்கிறார்கள். அதன்பின் அவள் ஆற்றல் பெறுகிறாள். கத்தனார் அவளை ஆணியால் அடக்குபவராக வரவில்லை. நெறிப்படுத்தும் துணைவராகவே வருகிறார். எதிர்நாயகனோ பெண்களை வெறுக்கும் ஒரு காவல் அதிகாரி.

இப்படம் செய்த நற்செயலை ஐயமின்றிச் சொல்லலாம். வெகுமக்கள் திரையில் நீலியின் முதற்பகுதி திரும்பி வந்துவிட்டது. அவளுக்கு அநீதி நிகழ்ந்தது என்று தெரிந்தபின்னரே பார்வையாளர் அவள் கோபத்தைப் பார்க்கிறார்கள். ஆணி உருவப்பட்டுவிட்டது. யட்சியைப் பார்த்து அஞ்சிய ஒரு பண்பாட்டின் பிள்ளைகள் திரையரங்கில் அவளுக்காகக் கைதட்டுகிறார்கள். வசைச்சொல்லாகக் கிடந்த ஒரு பெயர் ஒரு தலைமுறைக்கு நாயகியின் பெயராகிறது. மொழியியல் மாணவர் எவரும் இதை அற்பமாகக் கருதமாட்டார்.

ஆனால் அநீதியின் வடிவம் மாறியிருக்கிறது. பழங்கதையில் கொன்றவன், அவளுடன் வாழ்ந்தவன். படத்தில் கொல்பவர்கள் அரசனின் ஆட்கள். அதாவது, வெளியிலிருந்து வரும், யாரும் எளிதில் வெறுக்கக்கூடிய அதிகாரம். வீட்டுக்குள் இருந்த கொலை வீட்டுக்கு வெளியே நகர்த்தப்பட்டுவிட்டது. அதைவிட முக்கியமாக, மன்றம் இல்லாமற்போனது. யாரிடமும் முறையிட வேண்டிய தேவை சந்திராவுக்கு இல்லை. அவள் நம்பப்பட வேண்டியதில்லை, அவள் வலியவள். ஊரார் கூடி, அழும் பெண்ணையும் மறுக்கும் ஆணையும் மாறி மாறிப் பார்த்து, யார் சொல்வது மெய் என்று முடிவெடுக்கத் திணறும் அந்த நேரம் படத்தில் இல்லை. நாமும் எழுபதின்மரில் ஒருவராக அமர்ந்து தவறான தீர்ப்பளிக்கக்கூடும் என்ற அச்சம் பார்வையாளருக்கு ஏற்படுவதில்லை. பெரோவின் கதையில் வேட்டைக்காரன் இல்லை, கிரிம்மின் கதையில் வந்தான் என்றேன். இங்கே நீலியே தனக்கு வேட்டைக்காரனாகிவிட்டாள். அதுவும் ஒருவகை மேற்பூச்சு அல்லவா என்பதே என் ஐயம்.

*

இதையெல்லாம் கேம்பல் பேயிலிருந்து ஏன் எழுதுகிறேன் என்று நண்பர்கள் கேட்கக்கூடும். ஒரு காரணம் கல்வெட்டில் இருக்கிறது. 1905இல் கண்டெடுக்கப்பட்ட திருவாலங்காட்டுச் செப்பேடுகள், முதலாம் இராசேந்திர சோழன் தன் ஆறாம் ஆட்சியாண்டில் பழையனூரை ஆலங்காட்டு இறைவனுக்கு அளித்ததைப் பதிவுசெய்கின்றன. அதே அரசனின் கடாரப் படையெடுப்பைப் போற்றும் மெய்க்கீர்த்தி, வென்ற இடங்களுள் மாநக்கவாரத்தையும் குறிக்கிறது. அது நிக்கோபார் என்பது ஆய்வாளர் பெரும்பாலோர் கொள்கை. நீலியின் ஊரும் இத்தீவும் ஒரே அரசனின் ஆவணங்களில் வருகின்றன என்பதற்கு மேல் இதில் பொருள் காண்பது தவறு. இம்மண்ணின் தொல்குடிகள் சோம்பென்களும் நிக்கோபாரியரும், இக்கதை அவர்களுடையதன்று. ஆனால் கப்பலேறும் மக்கள் தம் பேய்களையும் உடன் கொண்டுபோகிறார்கள் என்பதை இங்கே கண்கூடாகக் காண்கிறேன்.

இரண்டாவது காரணம் ஆச்சியின் இலக்கணம்.

படம் பார்த்த மறுநாள், பேத்தி வேண்டிக்கொண்டதால் ஆச்சி தம் நீலியை முழுவதுமாகச் சொன்னார். அனுமதியுடன் பதிவுசெய்தேன். தமிழில் பிறர்வாய்க் கேட்டதைச் சொல்லும்போது வினைமுற்றின் இறுதியில் ‘ஆம்’ சேர்ப்போம்: வந்தான் – வந்தானாம். இதற்கு நான் பொறுப்பல்லேன், கேட்டதைச் சொல்கிறேன் என்பது அதன் உட்பொருள். மொழியியலில் இதைச் சான்றுநிலை என்ற தலைப்பில் படிக்கிறோம். கதை சொல்வோரின் மொழி இந்த ‘ஆம்’ நிறைந்தது. மாறாக, 2004 டிசம்பர் 26ஆம் நாள் கடல் ஏறிவந்ததை ஆச்சி விவரிக்கும்போது அது ஓரிடத்திலும் வருவதில்லை. கடற்கரைக் குடியிருப்புகள் அழிந்ததையும் மேட்டுக்கு ஓடியதையும் அவர் கண்டவர். கேட்டவை, கண்டவை என்ற எல்லை அவர் பேச்சில் அவ்வளவு தெளிவாக இருக்கிறது.

நீலிக் கதையை அவர் ‘ஆம்’ போட்டே சொன்னார். கப்பலில் வந்தவர் சொன்னதாக அன்று. தம் அம்மையிடம் கேட்டதாக. காட்டுக்குப் போனாங்களாம். அவ மடியில தலைவச்சுப் படுத்தாளாம். மறுபிறவியில் செட்டியாய்ப் பிறந்தானாம். கூட்டத்தில் அவள் வந்து அழுதாளாம். பதிவை எழுத்தாக்கும்போதுதான் ஓரிடம் வேறுபட்டிருப்பது கண்ணில் பட்டது. கொலையைச் சொல்லும் வாக்கியத்தில் ‘ஆம்’ இல்லை. “கல்லத் தூக்கிப் போட்டுக் கொன்னான்.” அவ்வளவுதான். அடுத்த வாக்கியத்தில் ‘ஆம்’ திரும்பிவிடுகிறது.

ஒரு வாக்கியத்தை வைத்துக் கோட்பாடு எழுப்பக்கூடாது என்பதை அறிவேன். கதையின் உச்சத்தில் ‘ஆம்’ உதிர்வது பிற கதைசொல்லிகளிடமும் நிகழலாம். ஒப்பிட இன்னும் பதிவுகள் வேண்டும். ஆகவே மறுநாள் சென்று ஆச்சியிடமே கேட்டேன். மற்றவற்றைக் கேட்டதுபோலச் சொல்லிவிட்டு இதை மட்டும் ஏன் பார்த்ததுபோலச் சொன்னீர்கள் என்றேன். அவருக்கு என் கேள்வி விநோதமாகப் பட்டது. மீன் கழுவிக்கொண்டிருந்தவர் நிமிராமலே சொன்னார்:

“அதுல என்ன சந்தேகம் மக்களே? கள்ளி பாத்துதுல்லா?”

பழையனூர் மன்றம் கேட்கத் தவறிய சாட்சியை இத்தீவின் ஒரு சமையற்கட்டில் ஒருவர் ஏற்றுக்கொண்டிருக்கிறார். அகராதியில் ‘நீலிக் கண்ணீர்’ என்பதற்குப் பொய்யழுகை என்றே இனியும் பொருள் எழுதப்படும். அது வழக்கு, அதை மாற்றுவது அகராதியின் வேலையன்று. ஆனால் அடுத்தமுறை அத்தொடரை எழுத நேரும்போது, அந்த வழக்கில் விசாரிக்கப்படாத முதற்பகுதி ஒன்று இருக்கிறது என்பதை நினைவிற்கொள்ளலாம். நீலியைப் படமாக்க விழையும் அடுத்த இயக்குநருக்கும் இதுவே என் வேண்டுகோள்: அவளுக்குச் சிறகும் வாளும் தரலாம், கூடவே அந்த மன்றத்தையும் திருப்பித் தாருங்கள். பார்வையாளர்களாகிய நாங்கள் உட்கார வேண்டிய இடம் அது.

நீலிக் கதையின் வேறு வடிவங்களை, குறிப்பாகத் தென்மாவட்டங்களிலும் ஈழத்திலும் மலையகத்திலும் வழங்குபவற்றை, வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டவர்கள் பின்னூட்டத்தில் பகிர்ந்தால் நன்றியுடையேன். முடிந்தால் அவர்கள் சொன்ன வாக்கியங்களையே அப்படியே எழுதுங்கள். எங்கெங்கே ‘ஆம்’ வந்தது, எங்கே வரவில்லை என்று பார்க்க வேண்டும்.